ஆபத்தைத் தேடிப் போனவரைக் காப்பாற்றுவது யார் பொறுப்பு?

#1 தொடுவானம்

2023 ஜூன் மாதம் நடந்த இரண்டு விபத்துகள் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. ஜூன் 14 அன்று கிரேக்கத்தின் பைலோஸ் கரைக்கு அப்பால் 'அட்ரியானா' என்ற பழைய மீன்பிடிக் கப்பல் மூழ்கியது. லிபியாவிலிருந்து இத்தாலி போகக் கிளம்பிய கப்பல். ஏறத்தாழ 750 பேரை அதில் அடைத்திருந்தார்கள் என்று மதிப்பிட்டார்கள். உயிரோடு மீண்டவர்கள் 104 பேர்தான். கடலோரக் காவல் படைக்கு அந்தக் கப்பல் இருக்கும் இடம் பல மணி நேரம் முன்பே தெரியும்.

நான்கே நாளில், ஜூன் 18 அன்று, டைட்டானிக்கின் சிதிலத்தைப் பார்க்க இறங்கிய 'டைட்டன்' நீர்மூழ்கி தொடர்பு இழந்தது. உள்ளே ஐந்து பேர், அவர்களில் ஒருவனுக்குப் பத்தொன்பது வயதுதான். ஓர் இருக்கைக்கு இரண்டரை லட்சம் டாலர். அமெரிக்கா, கனடா, பிரான்ஸ் என்று மூன்று நாடுகளின் கப்பல்களும் விமானங்களும் வந்தன. ஆறாயிரம் மீட்டர் இறங்கக்கூடிய பிரெஞ்சு ரோபோவை ஏற்றிக்கொண்டு 'லட்டலாந்த்' என்ற ஆய்வுக் கப்பல் தன் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்தது. கலன் நொறுங்கி ஐந்து பேரும் இறந்துவிட்டார்கள் என்று கடைசியில் தெரிந்தது.

இறந்தவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. அந்தப் பத்தொன்பது வயதுப் பையனை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். ஆபத்து என்று தெரிந்தே, அதற்கென்று காசு கொடுத்துப் போகிறவரை மீட்கும் செலவைப் பொதுமக்கள் ஏன் ஏற்க வேண்டும்? மீட்டு முடித்ததும் பில்லை அனுப்பினால் என்ன தவறு?

#2 கரையோரன்

ஒரு தவறும் இல்லை. இரண்டரை லட்சம் டாலர் கொடுக்க முடிந்தவரால் விமான எரிபொருளுக்கும் கொடுக்க முடியும். பயணத்தை நடத்திய நிறுவனம் காசு பார்த்தது, ஆபத்து வந்ததும் அரசாங்கத்தைக் கூப்பிட்டது. லாபம் தனக்கு, நஷ்டம் ஊருக்கு என்பது எந்தத் தொழிலிலும் நியாயம் ஆகாது.

#3 இரண்டாம் அதிகாரி

நான் சரக்குக் கப்பலில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். சட்டத்தை அப்புறம் சொல்கிறேன். முதலில் நான் கண்ணால் பார்த்த ஒன்று.

அப்போது நான் இரண்டாம் அதிகாரி. பகல் பன்னிரண்டிலிருந்து நாலு வரை என் வாட்ச். மதியம் மூன்று மணிக்கு சாட்டிலைட் கருவியில் மணி அடித்து ஒரு செய்தி வந்தது. தனி ஆளாகப் பாய்மரப் படகில் போய்க்கொண்டிருந்த ஒருவரின் பாய்மரம் முறிந்திருக்கிறது, படகில் தண்ணீர் ஏறுகிறது, அருகில் இருக்கும் கப்பல் எது என்று கேட்கிறார்கள். அருகில் இருந்தது நாங்கள்தான். அருகில் என்றால் 190 கடல் மைல். கேப்டன் மேலே வந்து செய்தியைப் படித்தார். அந்த ஆள் யார், எதற்காக அங்கே போனார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கோர்ஸ் எவ்வளவு?" என்றார், அதாவது எந்தத் திசையில் திருப்ப வேண்டும் என்று. அவ்வளவுதான், கப்பல் திரும்பிவிட்டது.

விடியற்காலை போய்ச் சேர்ந்தோம். காற்றை எங்கள் கப்பல் மறைத்துக்கொள்ளும்படி குறுக்கே நிறுத்தினால்தான் அந்தப் பக்கம் கடல் கொஞ்சம் அடங்கும். அப்படி நிறுத்தினால் கப்பல் பயங்கரமாக உருளும். பக்கவாட்டில் கயிற்று ஏணியும் வலையும் தொங்கவிட்டோம். படகு ஒரு அலைக்கு எங்கள் மேல்தளம் வரை எழும்பும், அடுத்த அலைக்குப் பத்து மீட்டர் கீழே போய்விடும். ஏறுகிற அலையில் வலையைப் பிடிக்க வேண்டும், இறங்குகிற அலையில் பிடித்தால் படகு திரும்பி எழும்பும்போது காலை நசுக்கிவிடும். அவர் இரண்டு அலையை விட்டுவிட்டு மூன்றாவதில் தாவினார். போசனும் (டெக் ஆட்களின் தலைவர்) இன்னொருவரும் அவர் தோள்பட்டை வாரைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்து சிவப்பாக இருந்தது. டெக்கில் கிடந்தபடி "மன்னியுங்கள், மன்னியுங்கள்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி சட்டம். கடலில் ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்றுவது கேப்டனின் கடமை என்று ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தத்தின் 98-ஆவது பிரிவும், சோலாஸ் எனப்படும் கடல் உயிர்ப் பாதுகாப்பு ஒப்பந்தமும் சொல்கின்றன. எந்த நாட்டவர், என்ன நிலையில் உள்ளவர், எந்தச் சூழலில் சிக்கியவர் என்று பார்க்கக் கூடாது என்பது சோலாஸிலேயே எழுதியிருக்கிறது. இன்னொன்று, கரையில் இருக்கிற பலருக்குத் தெரியாதது. கடலில் ஒரு கப்பலையோ சரக்கையோ மீட்டுக் கொடுத்தால் மீட்டவருக்கு வெகுமதி உண்டு. உயிரை மீட்டால், காப்பாற்றப்பட்டவரிடம் ஒரு காசும் கேட்க முடியாது. 1910-இல் பிரஸ்ஸல்ஸில் போட்ட ஒப்பந்தத்தில் இது இருக்கிறது, 1989-இல் அதைப் புதுப்பித்தபோதும் கைவைக்கவில்லை. சரக்குக்கு விலை உண்டு, ஆளுக்கு விலை இல்லை என்று நூறு வருடத்துக்கு மேலாகக் கடல்காரர்கள் வைத்திருக்கிற கணக்கு இது. பில் அனுப்பலாம் என்று நீங்கள் சொல்வது அந்தக் கணக்கின் அடிமடியிலேயே கைவைப்பது.

#4 தொடுவானம்

ஐயா, உங்கள் அனுபவத்தைப் படித்துக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆனால் உங்கள் கப்பல் திரும்பியதற்கான எரிபொருள், தாமதம், இதையெல்லாம் யாரோ ஒருவர் கொடுத்திருப்பார் இல்லையா?

#5 இரண்டாம் அதிகாரி

கொடுத்தார்கள். உயிர் காக்கக் கப்பல் வழி மாறினால் அது சரக்கு ஒப்பந்த மீறல் ஆகாது என்று கடல் சரக்குப் போக்குவரத்துக்கான ஹேக் விதிகளில் இருக்கிறது. எரிபொருள் போன்ற கூடுதல் செலவைக் கப்பல் உரிமையாளர்களின் பரஸ்பரக் காப்பீடு ஏற்கும். அதாவது எல்லா உரிமையாளர்களும் சேர்ந்து போட்ட சந்தாவிலிருந்து வருகிறது. நாளைக்கு என் கப்பலுக்கு ஒன்று என்றால் அவன் வருவான் என்பதுதான் அதன் அடிப்படை.

#6 பேரேடு

செலவுக் கணக்கு பேசும்போது ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தேடலுக்குப் போன விமானமும் கப்பலும் ஏற்கெனவே அரசு வாங்கி வைத்தவை. ஆட்கள் மாதச் சம்பளக்காரர்கள். தேடல் இல்லாத வாரத்திலும் அந்த விமானிகள் பயிற்சிக்காகப் பறந்தே ஆக வேண்டும். ஆகவே செய்தியில் வரும் பெரிய தொகையில் பெரும்பகுதி எப்படியும் ஆகியிருக்கும் செலவு. எனக்கு உறுத்துவது பணம் அல்ல. அந்த நான்கு நாளில் அதே கடற்பரப்பில் வேறொரு மீன்பிடிப் படகு அழைத்திருந்தால் அதற்கு எந்த விமானம் போயிருக்கும் என்பதுதான்.

மலையில் பில் அனுப்புகிற இடங்கள் உண்டு. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் அலட்சியமாக மலையேறி மாட்டிக்கொண்டால் மீட்புச் செலவைக் கட்டச் சொல்ல முடியும். முன்கூட்டியே வருடத்துக்கு 25 டாலர் கொடுத்து அட்டை வாங்கியவருக்கு, சாதாரண அலட்சியம் என்றால் விலக்கு. அதே நாட்டின் கடலோரக் காவல் படையோ மீட்கப்பட்டவரிடம் செலவை வசூலிப்பதில்லை. சட்டப்படியும் கொள்கைப்படியும் கேட்பதில்லை என்று டைட்டன் சமயத்திலேயே சொன்னார்கள். பொய்யாக அபாய அழைப்பு விட்டவரிடம் மட்டும்தான் வசூல்.

#7 கரையோரன்

மலையில் முடியும் என்றால் கடலில் ஏன் முடியாது? அலட்சியம் என்பது மேலே மட்டும்தான் இருக்குமா?

#8 நங்கூரம்

முடியாது என்று இல்லை சகோ, செய்யக் கூடாது என்கிறேன். காரணம் ஒன்றே ஒன்று. பில் வரும் என்ற பயம் இருந்தால் ஆள் கூப்பிடத் தாமதிப்பான். என் அண்ணன் ஒரு கடலோர மீட்புக் குழுவில் இருக்கிறார். அவர் அடிக்கடி சொல்வது: சூரியன் இருக்கும்போது அழைத்திருந்தால் அரை மணி நேர வேலை, இருட்டிய பிறகு, காற்று ஏறிய பிறகு அழைப்பதால்தான் மீட்கப் போகிறவனுக்கும் ஆபத்து. அமெரிக்க மலை மீட்புத் தன்னார்வலர்களின் சங்கம் கட்டணம் கூடாது என்று சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான். பிரிட்டனில் 1824-இலிருந்து நடக்கும் ஆர்.என்.எல்.ஐ. உயிர்காப்புப் படகுச் சங்கம் பெரும்பாலும் தன்னார்வலர்களை வைத்து, நன்கொடையில் ஓடுகிறது. இன்றுவரை யாரிடமும் மீட்புக் கட்டணம் வாங்கியதில்லை. முட்டாள்தனம் செய்தவர்களையும் நிறையவே இழுத்து வந்திருப்பார்கள்.

டைட்டன் விஷயத்திலும் பாருங்கள். காலையில் தொடர்பு போனது, மாலையில்தான் கடலோரக் காவல் படைக்குத் தகவல் போனது. இந்த முறை அந்தத் தாமதத்தால் யாரும் சாகவில்லை, ஏனென்றால் அதற்கு முன்பே கலன் நொறுங்கி எல்லாம் முடிந்துவிட்டது. கலன் சிதையாமல் அடியில் சிக்கியிருந்தால் அந்த மணி நேரங்கள்தான் உயிர்.

#9 உப்புக்காற்று

சாகசக்காரர்கள் பக்கம் யாரும் பேசாததால் நான் பேசுகிறேன். சின்னப் பாய்மரப் படகுதான் ஓட்டுகிறேன், உலகம் சுற்றும் ஆள் இல்லை.

1996–97 வென்டே குளோப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். தனியாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றும் போட்டி. தென்பெருங்கடலில் டோனி புல்லிமோரின் படகு 1997 ஜனவரி 5 அன்று கவிழ்ந்தது. தலைகீழான படகுக்குள், உறைகிற தண்ணீரில், இருட்டில் நான்கு நாள் இருந்தார். ஆஸ்திரேலியக் கடற்படையின் 'அடிலெய்ட்' போர்க்கப்பல் போய் அவரையும், அதே போட்டியில் இருந்த தியரி துபுவாவையும் மீட்டது. கப்பலிலிருந்து போனவர்கள் படகின் அடிப்பாகத்தைத் தட்டியபோது அவர் உள்ளிருந்து நீந்தி வெளியே வந்தார். அப்போதும் யார் காசு என்று ஆஸ்திரேலியாவில் பெரிய வாக்குவாதம். ஆனால் அதே போட்டியில் சில நாள் முன்பு பீட் காஸ் என்பவர் சூறாவளிக் காற்றை எதிர்த்துத் தன் படகைத் திருப்பிக்கொண்டு போய் ரஃபேல் டினெல்லியைத் தூக்கி வந்தார். அவருக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. அவரைக் கரையில் இறக்கிவிட்டுத்தான் பந்தயத்தைத் தொடர்ந்து முடித்தார்.

2018-இல் நம் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, அதே மாதிரி தனியாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் படகுப் போட்டியில் முதுகெலும்பு அடிபட்டு அசைய முடியாமல் கிடந்தார். மீட்டது 'ஓசிரிஸ்' என்ற பிரெஞ்சு மீன்வளக் காவல் கப்பல். அவரே மறுபடி போய் அடுத்த போட்டியில் இரண்டாவதாக வந்தார். முதலாவதாக வந்த கிர்ஸ்டன் நியூஷேஃபர், நடுவழியில் படகு மூழ்கிய சக போட்டியாளர் டாப்பியோ லெஹ்டினனை மீட்டுவிட்டுத்தான் வந்தார். ஆபத்தைத் தேடிப் போகிறவர்கள் சமூகத்தின் மேல் மட்டும் பாரம் போடுவதில்லை. மீட்கிறவர்களாகவும் அவர்களே இருக்கிறார்கள்.

#10 அழுத்தமானி

உப்புக்காற்று சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் கடல்மேல் போகிறவரையும் ஆழ்கடலில் இறங்குகிறவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. நான் அழுத்தக் கலன்களைச் சோதிக்கிற வேலையில் இருப்பவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

கடல்மேல் ஒருவர் இருந்தால் விமானம் பார்க்கும், கப்பல் போகும். ஆழத்தில் நம் கை எவ்வளவு தூரம் நீளும்? 1973 ஆகஸ்டில் அயர்லாந்துக்கு அப்பால் 'பைசிஸ் 3' என்ற நீர்மூழ்கி 480 மீட்டர் ஆழத்தில் விழுந்தது. கடலடித் தொலைபேசிக் கம்பி பதிக்கப் போனவர்கள், ரோஜர் சாப்மனும் ரோஜர் மாலின்சனும். இரண்டு நீர்மூழ்கிகளும் அமெரிக்க ரோபோ ஒன்றும் சேர்ந்து 76 மணி நேரம் கழித்து மேலே இழுத்தார்கள். அப்போது உள்ளே பன்னிரண்டு நிமிடத்துக்கான ஆக்சிஜன்தான் மிச்சம். 2005-இல் கம்சட்கா அருகே வலைகளில் சிக்கிய ரஷ்ய 'ஏஎஸ்-28'-ஐ பிரிட்டனிலிருந்து விமானத்தில் வந்த ரோபோ வெட்டி விடுவித்தது, ஏழு பேரும் பிழைத்தார்கள். அது 190 மீட்டர். டைட்டானிக் கிடப்பது ஏறத்தாழ 3,800 மீட்டரில். அங்கே அழுத்தம் நாம் மூச்சு விடும் காற்றழுத்தத்தைப் போல 380 மடங்கு. அந்த ஆழத்திலிருந்து உயிரோடு ஒருவரை மேலே கொண்டுவந்த மீட்பு எதுவும் நடந்ததில்லை. ஆகவே 'எப்படியும் வந்து காப்பாற்றுவார்கள்' என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. அங்கே பாதுகாப்பு என்றால் கலன் ஒன்றுதான். கீழே இறங்கும் முன்பே அது உறுதியாக இருக்க வேண்டும்.

டைட்டனில் அதுதான் இல்லை. மனிதர்கள் உட்காரும் பகுதி கார்பன் ஃபைபரில் சுற்றிய உருளை, இரு முனையிலும் டைட்டானியம் மூடி. கார்பன் ஃபைபர் இழுவிசையைத் தாங்குவதில் கெட்டிக்காரப் பொருள். வெளியிலிருந்து அமுக்கும்போது, அதுவும் திரும்பத் திரும்ப, அடுக்குகள் மெல்லப் பிரிய ஆரம்பிக்கும். அடுக்கு பிரிவது கண்ணுக்குத் தெரியாது. கப்பல்களைச் சோதித்துச் சான்று தருகிற எந்த அமைப்பிடமும் அந்த நிறுவனம் சான்று வாங்கவில்லை. 2018-இலேயே அத்துறை வல்லுநர்கள் எச்சரித்துக் கடிதம் எழுதினார்கள். குறை சொன்ன சொந்த ஊழியரை வேலையை விட்டு நீக்கினார்கள். 2022-இல் ஒரு முறை மேலேறும்போது பெரிய வெடிச் சத்தம் கேட்டது. அடுக்கு பிரிந்தது அப்போதுதான் என்று விசாரணை சொல்கிறது. அதற்குப் பிறகு அந்தக் கலனைக் கனடாவின் குளிர்காலத்தில் வெட்டவெளியில் போட்டு வைத்திருந்தார்கள். உறைந்து உருகும் நீர் அடுக்குகளுக்கு என்ன செய்யும் என்பதை என் தொழிலில் புதிதாகச் சேர்ந்த பையன்கூடச் சொல்லுவான். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது. 2025 ஆகஸ்டில் வந்த அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் விசாரணை அறிக்கை, தடுத்திருக்கக்கூடிய விபத்து என்று நேராகவே சொன்னது.

2019-இல் விக்டர் வெஸ்கோவோ என்ற அமெரிக்க சாகசப் பயணி, சான்று பெற்ற கலனில் உலகிலேயே ஆழமான மரியானா அகழியின் அடிவரை போய் வந்தார், திரும்பத் திரும்பப் போனார். ஆழம் ஆளைக் கொல்லாது, சோதிக்காத கலன்தான் கொல்லும்.

#11 கரையோரன்

அப்படியென்றால் பயணிகளின் குற்றம் என்ன? முன்பு அதில் போய் வந்த ஒருவர் சொன்னதைக் கேட்டேன், கையெழுத்து வாங்கும் காகிதத்தின் முதல் பக்கத்திலேயே மரணம் என்ற சொல் மூன்று முறை வருமாம். படித்துத்தானே கையெழுத்துப் போட்டார்கள்?

#12 அழுத்தமானி

காகிதத்தில் மரணம் என்று எழுதியிருந்தது. 2022-இல் கேட்ட சத்தத்தைப் பற்றி, கருவிகள் காட்டிய மாற்றத்தைப் பற்றி எழுதியிருந்ததா? ஆபத்து உண்டு என்று சொல்வது வேறு, எந்த ஆபத்து என்று சொல்வது வேறு. பயணிகளுக்கான விதிகள் பொருந்தாமல் இருக்க அவர்களைப் 'பணி வல்லுநர்' என்று பெயர் மாற்றி அழைத்தார்கள். சர்வதேசக் கடலில் இறக்கினார்கள், எந்த நாட்டு ஆய்வாளரும் ஏறிப் பார்க்கவில்லை. பத்தொன்பது வயதுப் பிள்ளை எதை வைத்து முடிவெடுத்திருப்பான்?

#13 பேரேடு

கணக்கு இப்போதுதான் எனக்குச் சரியாக விழுகிறது. பில்லை மூழ்கியவரிடம் நீட்டக் கூடாது. புறப்படும் துறைமுகத்தில், காசு வாங்கி அழைத்துப் போகிறவரிடம் நீட்ட வேண்டும். கலனுக்குச் சான்று, தேடலுக்கான காப்பீடு, அந்த ஆழத்துக்கு இறங்கும் ரோபோ ஒன்று துணைக்கப்பலிலேயே இருக்கிறது என்பதற்கு ஆதாரம். மூன்றும் இல்லையா, கப்பலைக் கிளம்ப விடாதே. டைட்டனின் சிதறலைக் கண்டுபிடித்த ரோபோ ஜூன் 22 அன்றுதான் அடியில் இறங்க முடிந்தது. டைட்டானிக்கின் முன்முனையிலிருந்து அரைக் கிலோமீட்டருக்குள் கிடந்ததைக் கண்டுபிடிக்க நான்கு நாள்.

#14 இரண்டாம் அதிகாரி

பேரேடு சொல்வது புதிதும் அல்ல. அண்டார்டிகாவில் ஏறத்தாழ இப்படித்தான். பல நாடுகள் தங்கள் குடிமக்கள் அங்கே போக முன் அனுமதி கேட்கின்றன, மீட்புக்கான ஏற்பாட்டையும் காப்பீட்டையும் காட்டச் சொல்கின்றன. 2011-இல் நார்வேயின் 'பெர்செர்க்' என்ற படகு ராஸ் கடலில் புயலில் காணாமல் போனது, மூன்று பேர் திரும்பவில்லை. அனுமதி வாங்காமல் போன படகு. ஆனாலும் நியூசிலாந்துக் கப்பல் தேடப் போனது. அனுமதி இல்லாததற்கும் காப்பீடு இல்லாததற்கும் கரையில் இருந்த படகுத் தலைவருக்குப் பின்னால் நார்வேயில் அபராதம் விழுந்தது. இதுதான் சரியான வரிசை. தேடல் நிபந்தனை இல்லாமல் நடக்கட்டும். பொறுப்பில்லாமல் கிளம்பியதற்கான தண்டனை அதன் வழியில், நீதிமன்றத்தில் நடக்கட்டும். இரண்டையும் ஒன்றாகக் குழைத்தால் அபாய அழைப்பை எடுக்கிறவன் முதலில் 'நீ யார்' என்று கேட்க ஆரம்பிப்பான்.

#15 தொடுவானம்

நான் கேள்வியையே தப்பாகக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. டைட்டனுக்கு ஏன் இவ்வளவு என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டியது அட்ரியானாவுக்கு ஏன் அவ்வளவு இல்லை என்பது. அமெரிக்கக் கடற்படையின் கருவிகளில் முதல் நாளே வெடிப்புச் சத்தம் போல ஒன்று பதிவாகியும், உறுதி இல்லை என்பதால் தேடலை நிறுத்தவில்லை. ஒரு சதவீத நம்பிக்கை இருந்தாலும் தேடினார்கள். அதை நான் இனி குறை சொல்ல மாட்டேன். அட்ரியானா கண்ணுக்கு எதிரே மிதந்துகொண்டிருந்தது, சுற்றிலும் சரக்குக் கப்பல்கள் இருந்தன. அவர்கள் தேடிப்போன ஆபத்து பொழுதுபோக்கும் அல்ல.

ஒன்றே ஒன்று மிச்சம் இருக்கிறது. நங்கூரத்தின் அண்ணனைப் போன்றவர்கள். போகிறவர் உயிருக்கே ஆபத்து என்றால்? அங்கேயும் கடமைதானா?

#16 நங்கூரம்

அண்ணனிடமே கேட்டேன். "திரும்பி வர வழி தெரியாமல் யாரும் கிளம்ப மாட்டோம், கிளம்பச் சொல்லவும் மாட்டார்கள்" என்றார். ஹெலிகாப்டர் விமானி 'இப்போது முடியாது' என்று சொன்னால் அவரை யாரும் கேள்வி கேட்பதில்லையாம். ஒரு தடவை அப்படித் திரும்பி வந்திருக்கிறார்கள். அன்று இரவு குழுவில் யாரும் சாப்பிடவில்லை என்று அண்ணி சொன்னது ஞாபகம் இருக்கிறது. மறுநாள் காலை காற்று இறங்கியதும் போனார்கள். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

#17 உப்புக்காற்று

இதைப் படித்த பிறகு நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். என் படகில் அபாய சமிக்ஞைக் கருவியின் பேட்டரி காலாவதியாகி ஏழு மாதம் ஆகிறது. நாளைக்கு மாற்றுகிறேன். கடலில் இறங்கும் உரிமை பற்றி அவ்வளவு எழுதிவிட்டு இதைச் செய்யாமல் இருக்க முடியாது.

#18 இரண்டாம் அதிகாரி

தொடுவானத்தின் கேள்விக்குச் சட்டத்திலும் பதில் இருக்கிறது. போக முடியாத நிலை, அல்லது போவது நியாயமில்லாத நிலை என்றால் கேப்டன் போகாமல் இருக்கலாம். ஆனால் ஏன் போகவில்லை என்ற காரணத்தைக் கப்பலின் பதிவேட்டில் எழுத வேண்டும், மீட்பு மையத்துக்கும் சொல்ல வேண்டும் என்கிறது சோலாஸ். போனதற்கு விளக்கம் தேவையில்லை, போகாததற்குத்தான் தேவை.

அன்று எங்கள் கப்பலில் பதிவேட்டை எழுதியவன் நான். என் கையெழுத்து உருளலில் கோணலாக இருக்கும். 15.00, அபாயச் செய்தி கிடைத்தது. 15.04, வழி மாற்றப்பட்டது. 05.40, படகு கண்ணில் பட்டது. 06.25, நபர் ஒருவர் டெக்கில் ஏற்றப்பட்டார், நினைவோடு இருக்கிறார். பெயர், நாடு என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தேன். அவர் சூடாக ஏதாவது குடித்து, தூங்கி எழுந்த பிறகு, மதிய வாட்சுக்குப் போகும் வழியில்தான் கேட்டு எழுதினேன்.